வசந்தம் எப்போது என்று ஊரிடம் கேட்போம்



கொஞ்சம் நீளமான பதிவு. ஜூன் மாதம் பிறக்க முன்னர் சொல்லிவிட வேண்டிய விடயம் என்பதால் இப்போதே எழுதுகிறோம். ஆசிரியர்கள், அதிபர்கள், பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர்கள், வீட்டு வளவில் இரண்டு பூமரமாவது வைக்க ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும் பொறுமையாகக் கடைசி வரை வாசியுங்கள்.

ஜூன் 5 உலக சுற்றாடல் தினம். 1973 முதல் உலகம் முழுவதும் கொண்டாடி வருகிறார்கள். நம் நாட்டிலும் அந்தக் கிழமையில் எல்லாப் பக்கத்துப் பாடசாலைகளிலும் ஒரே வேலைதான்: மரக்கன்று நடு, படம் எடு, அறிக்கை அனுப்பு. பேருவளையிலும் காலியிலும் அது நல்ல நாள். தென்மேல் பருவமழை மே மாதத்திலேயே தொடங்கி மண் ஊறிக் கிடக்கும். கன்றைக் குத்திவிட்டு வந்தாலும் பிடித்துக்கொள்ளும்.

அதே நாளில் காத்தான்குடியில், கல்முனையில், மூதூரில் என்ன நிலைமை? மாரி முடிந்து மாதக்கணக்காகிவிட்டது. மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பிவிட்டது. மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வெறும் சூட்டோடு இறங்குகிற காற்று அது. துவைத்துப் போட்ட சாரன் கொடியில் சற்று நேரத்தில் காய்ந்துவிடுகிற அந்தக் காற்றில், நேற்றுத்தான் பொலித்தீன் பையிலிருந்து எடுத்த கன்று எப்படித் தாங்கும்?

இன்னொரு விடயம் இருக்கிறது. பல பாடசாலைகளில் ஒவ்வொரு கன்றிலும் ஒரு பிள்ளையின் பெயர் எழுதிய அட்டை கட்டப்படும். நல்ல யோசனைதான். ஆனால் விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் அட்டை இருக்கும், கன்று இருக்காது. காய்ந்த குச்சியில் பிள்ளையின் பெயர் ஆடிக்கொண்டிருக்கும். அந்தப் பிள்ளை இதிலிருந்து எதைப் படிக்கிறது? நட்டால் சாகும் என்று படிக்கிறது. மரம் நடுவது படம் எடுப்பதற்காக என்று படிக்கிறது. எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத பாடம் இது. முற்றத்தில் நிற்கிற குச்சி அதைச் சத்தமில்லாமல் கற்பித்துவிடுகிறது. எங்கள் கவலை அதுதான்.

இதற்கு யாருடைய சோம்பலும் காரணமில்லை. ஒரு இடத்தின் பருவத்தைத் தூக்கி இன்னொரு இடத்தில் வைப்பதால் வருகிற வினை இது. ஆசிரியர்களாகிய நாங்கள் இதைப் பற்றிக் கட்டாயம் கதைக்க வேண்டும். ஏனென்றால் எங்கள் தொழிலில் புதிய ஊர் என்பது தலையில் எழுதியது மாதிரி. கல்வியியற் கல்லூரி முடிந்து முதல் நியமனம் வந்தால், சம்மாந்துறைப் பிள்ளை நுவரெலியாவுக்குப் போகும். அக்குறணைப் பிள்ளை மன்னாருக்குப் போகும். போகும்போது ஊர் விதையும் கூடவே போகும். விடுமுறைக்கு வரும்போது மலைநாட்டு டேலியாக் கிழங்கு கல்முனைக்கு வரும். இரண்டுமே பெரும்பாலும் பிழைப்பதில்லை. "கைராசி இல்லை" என்று சொல்லிவிட்டு விட்டுவிடுவார்கள். கைராசிக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

எங்கள் கருத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். புதிய ஊருக்குப் போனால் முதல் வருடம் நிலத்தில் ஒன்றும் நட வேண்டாம். அந்த ஊரில் எந்த மாதம் எது பூக்கிறது என்று பாருங்கள். பெயரைக் கேளுங்கள். எழுதி வையுங்கள். இரண்டாம் வருடம், அந்த ஊரின் மழையோடு சேர்ந்து நடுங்கள்.

முதலில் இந்த "வசந்தம்" என்ற சொல்லை எடுத்துப் பார்ப்போம். நம் பிள்ளைகள் சிறு வகுப்புப் படப் புத்தகங்களில் பார்க்கிற வசந்தம் ஐரோப்பாவின் வசந்தம். பனி உருகி, மார்ச், ஏப்ரலில் டியூலிப்பும் டாஃபடிலும் மண்ணைக் கிழித்துக்கொண்டு வருகிற வசந்தம். அது அந்த ஊருக்கு உண்மை. நமக்குப் பனியும் இல்லை, அது உருகுவதும் இல்லை.

நம்மிடம் இன்னொரு வசந்தமும் இருக்கிறது. ரபீஉனில் அவ்வல், ரபீஉனில் ஆகிர் என்று இரண்டு மாதங்களைச் சொல்கிறோமே, அந்த "ரபீஃ" என்ற அரபுச் சொல்லுக்கு வசந்தம் என்றுதான் பொருள். ஆனால் ஹிஜ்ரி வருடம் சந்திரனைப் பார்த்து நடப்பது. சூரிய வருடத்தை விட ஏறத்தாழ 11 நாள் குறைவு. அதனால் அந்த மாதங்கள் 33 வருடத்துக்கு ஒரு தடவை எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகின்றன. 2025 இல் ரபீஉனில் அவ்வல் தொடங்கியது ஓகஸ்ட் கடைசியில். கிழக்கில் அது வெக்கையின் உச்சக் காலம். நோன்பும் அப்படித்தான்: கொன்றை பூக்கும் காலத்திலும் வரும், அடை மழையிலும் வரும். மார்க்கக் கடமைகளுக்கு அந்தக் கணக்கு. மரத்துக்குச் சூரியனும் மழையும்தான் கணக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்ளத் தேவையில்லை.

அப்படியானால் இலங்கையில் வசந்தம் எது? நம் நாட்டில் பருவத்தைத் தீர்மானிப்பது மழை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. தெற்கும் மேற்கும் மலையின் மேற்குச் சரிவும் நனையும். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் பருவமழை. வடக்கும் கிழக்கும் நனையும். இந்த இரண்டுக்கும் நடுவில் மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடியோடு வருகிற மழை. வருடத்துக்கு 2500 மில்லிமீற்றருக்கு மேல் பெய்தால் ஈரவலயம், 1750க்குக் கீழ் என்றால் உலர்வலயம், நடுவில் இருப்பது இடைவலயம். தரம் பத்து, பதினொன்று பிள்ளைகளுக்கு இது பரீட்சைக் கேள்வி. பாடசாலைத் தோட்டத்துக்கு மட்டும் ஏன் இதை நாம் பயன்படுத்துவதில்லை?

இந்தக் கணக்கில் பார்த்தால், மாரி ஓய்ந்து வெயில் ஏறுகிற பெப்ரவரி முதல், மே மாதம் வரைக்கும்தான் நமது பூக்காலம். முள்முருக்கு இலையெல்லாம் உதிர்ந்து சிவப்பாக நிற்கும். வேம்பு பூத்து வளவே மணக்கும். இலுப்பை பூக்கும். புங்கை பூக்கும். ஏப்ரல், மேயில் கொன்றை மஞ்சள் சரங்களைத் தொங்கவிடும். குயில் ஓயாமல் கூவும். சித்திரைப் புத்தாண்டுக்குச் சிங்களச் சகோதரர்கள் அடையாளமாகச் சொல்வதும் இந்தக் குயிலையும் முள்முருக்கம் பூவையும்தான்.

வெயில் ஏறும்போது மரம் ஏன் பூக்க வேண்டும்? பிள்ளைகள் கேட்கிற கேள்வி. தண்ணீர் குறையும்போது இலையை உதிர்த்தால் மரத்துக்குச் செலவு குறையும். இலை இல்லாத கொப்பில் பூ தூரத்திலிருந்தே தெரியும். தேனீயும் பறவையும் தேடி வரும். பல மரங்களில் காய் முற்றி விதை விழுகிற நேரம் அடுத்த மழைக்குப் பொருந்தி வரும். ஐரோப்பிய மரம் குளிர் முடிந்ததை அறிந்து பூக்கிறது. நமது மரம் வரட்சியை அறிந்து பூக்கிறது. இந்த ஒரு வித்தியாசம் விளங்கினால் பாதி விளங்கிவிடும். உலர்வலயத்தில் ஒரே மஞ்சளாகப் பூக்கிற கொன்றை, வருடம் முழுக்க ஈரமாக இருக்கிற இடத்தில் அந்த அளவுக்குப் பூக்காமல் இலையோடு நிற்பதற்கும் இதுதான் காரணம்.

அடுத்தது உயரம். கடல் மட்டத்திலிருந்து 1000 மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை குறையும். நுவரெலியா 1868 மீற்றர் உயரம். கிழக்குக் கரையில் வருடச் சராசரி 28 பாகை என்றால் நுவரெலியாவில் 16 பாகை. ஒரே நாள் பஸ் பயணம், பன்னிரண்டு பாகை வித்தியாசம். அதனால்தான் பண்டாரவளை, தியத்தலாவைப் பக்கம் ஊதாவாகப் பூத்துக் கொட்டுகிற ஜகரண்டா, கரையோரத்தில் வளர்ந்தாலும் சரியாகப் பூப்பதில்லை. தென்னமெரிக்க மரம், குளிர்ந்த, வரண்ட மாதங்களைக் கேட்கிற மரம். டேலியாவும் அப்படித்தான். மெக்சிகோவின் மலைநாட்டுச் செடி. இரவு குளிர வேண்டும். கல்முனையின் இரவில் அதன் கிழங்கு அழுகிப் போவதில் ஆச்சரியமில்லை.

இப்போது டியூலிப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முகநூலில் டியூலிப் குமிழ் விற்பனைக்கு என்று விளம்பரம் அடிக்கடி வருகிறது. நீல டியூலிப் விதை என்றும் சிலர் விற்கிறார்கள். டியூலிப் மத்திய ஆசியாவின் மலைகளிலிருந்து வந்தது. உஸ்மானியத் துருக்கியர் அதை உயிராக வளர்த்தார்கள். அவர்களுடைய வரலாற்றில் 1718 முதல் 1730 வரையான காலத்துக்கே டியூலிப் காலம் என்று பெயர். அந்தக் குமிழுக்கு ஏறத்தாழ 12 முதல் 16 கிழமை வரை 9 பாகைக்குக் கீழான குளிர் வேண்டும். அந்தக் குளிர் கிடைத்தால்தான் உள்ளே இருக்கிற பூந்தண்டு ஒழுங்காக நீண்டு மேலே வரும். நுவரெலியாவில் ஜனவரி இரவில் உறைபனி விழலாம். ஆனால் பகல் வெயில் அந்தக் குளிரைத் தொடர விடாது. குளிர்சாதனப் பெட்டியில் மூன்று மாதம் வைத்து நட்டால் ஒரு தடவை பூக்க வைக்கலாம். அப்போதும் பழங்களோடு சேர்த்து வைக்கக் கூடாது. பழுக்கிற பழம் விடுகிற எதிலீன் வாயு உள்ளே இருக்கிற மொட்டைக் கெடுத்துவிடும். ஒரு தடவை பூத்த குமிழ் நம் வெக்கையில் மறு வருடம் பூக்காது. ஆசைக்கு ஒரு தடவை செய்து பார்க்கிறவர் செய்யட்டும். பாடசாலைத் தோட்டத்துக்கு அந்தக் காசைச் செலவழிக்க வேண்டாம். நீலப் பூ வரும் என்று நம்பி விதை வாங்கவே வேண்டாம். உண்மையான நீல நிற டியூலிப் உலகத்தில் இல்லை.

குமிழ்ச் செடியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நமக்குரிய குமிழ்கள் இருக்கின்றன. அவை குளிருக்குப் பதிலாக வரட்சியில் தூங்கி மழையில் எழும்புகிறவை. நர்சரிகளில் அமரிலிஸ் என்று விற்கிற ஹிப்பியஸ்ட்ரம், கழுத்து மண்ணுக்கு மேலே தெரிய நட்டு, தண்ணீர் தேங்காத மண்ணில் வைத்தால் கரையோரத்திலும் பூக்கும். சில கிழமைகள் தண்ணீரைக் குறைத்து ஓய்வு கொடுத்துவிட்டு மறுபடி ஊற்றினால் தண்டு வெளியே வரும். மழை லில்லி இன்னும் லேசு. காய்ந்து கிடக்கிற நிலத்தில் ஒரு நல்ல மழை விழுந்து சில நாளில் கூட்டமாகப் பூத்துவிடும். ஆபிரிக்காவிலிருந்து வந்த பந்து லில்லி, ஏப்ரல், மே மழைக்கு வெறும் நிலத்திலிருந்து ஒரு சிவப்புப் பந்தாக எழும்பும். நிலச்சம்பங்கியும் கல்வாழையும் வெயிலுள்ள இடத்தில் நன்றாக வரும். நுவரெலியா, ஹப்புத்தளைப் பக்கம் இருப்பவர்களுக்கு டேலியா, கிளாடியோலஸ், அகபாந்தஸ் என்று வேறு வரிசை இருக்கிறது. அதையெல்லாம் அங்கேயே வளருங்கள். கீழே கொண்டுவர வேண்டாம்.

குமிழ் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குக் காட்ட வெளிநாட்டுச் செடி தேவையில்லை. ஒரு வெங்காயத்தை நெடுக்காக வெட்டிக் காட்டுங்கள். கற்பிட்டியில் தோட்டம் தோட்டமாக விளைகிற சின்ன வெங்காயமும் குமிழ்தான். செதில் செதிலாக இருப்பது இலை சேமித்து வைத்த உணவு. அடியில் தட்டையாக இருப்பது தண்டு. பூத்து முடிந்ததும் "அசிங்கமாக இருக்கிறது" என்று பச்சை இலையை வெட்டக் கூடாது என்பதும் அப்போது தானாக விளங்கும். அந்த இலைதான் அடுத்த வருடப் பூவுக்குச் சமைக்கிறது. அது மஞ்சளாகித் தானாக விழட்டும்.

இனி அடையாளம் காண்பதற்கு வருவோம். பூவின் நிறத்தை மட்டும் பார்த்துப் பெயர் சொல்வதில்தான் எல்லாக் குழப்பமும் தொடங்குகிறது. பெப்ரவரி, மார்ச்சில் வீதியோரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு மரம் நின்றால் உடனே "இலங்கையின் சக்குரா" என்று படம் போடுகிறார்கள். அது ஜப்பானியச் செர்ரி இல்லை. அனேகமாக அது தபெபூயா ரோசியா. சிங்களத்தில் ரொபரோசியா என்பார்கள். மெக்சிகோவிலும் அதற்குத் தெற்கேயும் இயற்கையாக வளர்கிற மரம். பூ ஊதுகுழல் மாதிரி இருக்கும். இலையைப் பார்த்தால் கைவிரல் மாதிரி ஐந்து சிற்றிலைகள் ஒரே இடத்திலிருந்து விரியும். அதே நாட்களில் வேலியில் இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்பது கிளிரிசிடியா. அதன் பூ அவரைப்பூ வடிவம். சிற்றிலைகள் ஒரு காம்பின் இரு பக்கமும் வரிசையாக இருக்கும். மூன்றாவதாக, இளஞ்சிவப்புக் கொன்றை ஒன்றும் உண்டு. அதற்குத் தனித்தனியாக ஐந்து இதழ், நடுவில் வளைந்த மஞ்சள் கேசரங்கள், பிறகு நீளமான உருளைக் காய். மூன்றும் மூன்று மரங்கள். தபெபூயாவின் விதைக்குச் சிறகு உண்டு, காற்றில் பறக்கும். கிளிரிசிடியாவைக் கம்பு வெட்டி நட்டாலே பிடிக்கும். பெயர் தெரிந்தால்தான் வளர்க்கிற முறையும் தெரியும்.

மஞ்சளிலும் அப்படித்தான். சரம் கீழே தொங்கினால் கொன்றை. பூங்கொத்து மேல் நோக்கி நிமிர்ந்து, இலை பொடிப்பொடியாக வாகை மாதிரி இருந்து, காய் செம்பு நிறத்தில் தட்டையாக இருந்தால் அது இயல்வாகை.

ஆகவே ஒரு மரத்தைக் கண்டால் நான்கு படம் எடுக்கச் சொல்லுங்கள்: பூ, இலை, காய், பட்டை. இலைப் படத்தில் ஒரு சிற்றிலை மட்டும் வந்தால் போதாது. அது கொப்பில் எப்படிப் பொருந்தியிருக்கிறது என்று தெரிய வேண்டும். திகதியும் இடமும் எழுத வேண்டும். கைப்பேசியில் கூகுள் லென்ஸ், ஐநேச்சுரலிஸ்ட் மாதிரி வசதிகள் இருக்கின்றன. தாராளமாகப் பாவியுங்கள். ஆனால் அது சொல்கிற பெயரைத் தேடலின் ஆரம்பமாக வையுங்கள். பூ மட்டும் தெரிகிற படத்துக்கு அது பல தடவை பிழையான பெயர் சொல்லும். பிறகு ஊரில் வயதான ஒருவரிடம் கேளுங்கள். அவர் பெயரோடு நிறுத்த மாட்டார். அந்த மரம் எந்த மாதம் இலை கொட்டும், எதற்கு உதவும், வெட்டினால் பால் வருமா என்று எல்லாம் சொல்வார்.

அந்த ஊர் சிங்கள ஊர் என்றால் சிங்களப் பெயரையும் கேட்டு எழுதுங்கள். முள்முருக்கு எரபது. கொன்றை எஹல. இலுப்பை மீ. புங்கை கரந்த. பூமருது முருத்த. நமது தேசிய மரமான நாகமரம் நா. ஒரு பக்கத்தில் தமிழ்ப் பெயர், அடுத்ததில் சிங்களப் பெயர், மூன்றாவதில் விஞ்ஞானப் பெயர் என்று மூன்று நிரல் போட்ட கொப்பி ஒன்று வகுப்பறையில் இருக்கட்டும். இன்றைய நிலையில் இரண்டு சமூகங்கள் சண்டையில்லாமல், சந்தேகமில்லாமல் உட்கார்ந்து கதைக்கக்கூடிய விடயங்கள் குறைந்து வருகின்றன. "இந்த மரத்துக்கு உங்கள் ஊரில் என்ன பெயர்?" என்ற கேள்வி அவற்றில் ஒன்று. புதிய ஊருக்குப் போகிற இளம் ஆசிரியருக்கு அதைவிட நல்ல முதல் வார்த்தை கிடைக்காது.

சுற்றுலாப் போகும்போதும் இதைச் செய்யலாம். பேராதனைப் பூங்கா 1821 இலிருந்து இருக்கிறது. ஹக்கல பூங்கா 1861 இல் சிங்கோனா வளர்க்கத் தொடங்கிய இடம். ஏறத்தாழ 1700 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இரண்டிலும் மரங்களுக்குப் பெயர்ப்பலகை உண்டு. பஸ்ஸில் பாட்டுப் போட்டுக்கொண்டு போய், தொங்குபாலத்தில் படம் எடுத்துவிட்டுத் திரும்புகிற பயணத்தில், ஒரு பிள்ளைக்கு மூன்று மரம் என்று எழுதி வரச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? பேராதனையில் பார்த்தது ஹக்கலவில் ஏன் இல்லை என்று ஒரு பிள்ளை கேட்டால் அந்தச் சுற்றுலாவுக்குக் கொடுத்த காசு ஹலாலாகிவிட்டது.

சில எச்சரிக்கைகள். பிள்ளைகள் ஓடித் திரிகிற இடத்தில் மஞ்சள் அலரி வைக்க வேண்டாம். அதன் விதை உயிரை எடுக்கும். கார்த்திகைப்பூவின் கிழங்கும் கொடிய நஞ்சு. அமரிலிஸ் குமிழும் தின்றால் வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். வெங்காயம் மாதிரி இருப்பதால் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்க வேண்டும். குல்மோகர் அழகுதான். ஆனால் வேர் மேலோட்டமாகப் பரவிச் சுவரையும் நடைபாதையையும் தூக்கும், கொப்பு காற்றுக்கு முறியும். கட்டிடத்துக்குத் தள்ளி வையுங்கள். ஹோட்டன் சமவெளியில் சிவப்பாகப் பூக்கிற மஹரத்மலை வேரோடு பிடுங்கி வர யாரும் நினைக்கக் கூடாது. சட்டப்படி குற்றம். அதோடு, அது உயரமான இடத்தின் குளிரையும் புளிப்பு மண்ணையும் விட்டால் வாழாது.

ஹோட்டன் சமவெளியில் இன்னொரு பாடமும் இருக்கிறது. அங்கே மஞ்சளாகப் பூக்கிற முட்புதர் ஒன்று உண்டு. கோர்ஸ் என்று பெயர். பிரித்தானியர் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து வந்தது. அவர்களுடைய நாட்டில் அது வசந்தத்தின் அடையாளங்களில் ஒன்று. இங்கே அது நம் புல்வெளியைத் தின்று பரவுகிற ஆக்கிரமிப்புச் செடியாகிவிட்டது. பிடுங்கப் பிடுங்க முளைக்கிறது. புதிய ஊரின் மண்ணைக் கேட்காமல் பழைய ஊரின் பூவைக் கொண்டுவந்தால் இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்று, அது செத்துப்போகும். இல்லாவிட்டால், அங்கே இருப்பதைச் சாகடிக்கும்.

"சரி, ஜூன் 5 நிகழ்ச்சியை நாங்கள் எப்படி நிறுத்துவது? அறிக்கை அனுப்ப வேண்டுமே" என்று அதிபர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நிறுத்த வேண்டாம். வடக்கிலும் கிழக்கிலும் அந்த நாளை விதை நாளாக மாற்றுங்கள். கொன்றையின் கறுத்த நெற்றுகளை மார்ச், ஏப்ரலிலேயே பிள்ளைகள் பொறுக்கி வைக்கட்டும். அதன் விதைத்தோல் கடினம். அரத்தாளில் கொஞ்சம் உரசி, ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்தால் முளைக்கும். ஜூன் 5 அன்று ஆளுக்கு ஒரு பையில் விதை போடட்டும். கச்சான் படாத நிழலில், குழாய்க்குப் பக்கத்தில் நாற்றுமேடை இருக்கட்டும். முப்பது இடத்தில் ஓடி ஓடித் தண்ணீர் ஊற்றுவதை விட ஒரே இடத்தில் ஊற்றுவது லேசு. படமும் எடுக்கலாம், அறிக்கையும் போகும். ஒக்டோபர் கடைசி, நவம்பரில் மழை பிடித்ததும் அந்தப் பிள்ளையே தன் கன்றை நிலத்தில் வைக்கட்டும். அடுத்து வருகிற மாரி முழுவதும் அல்லாஹ்வின் தண்ணீர். கச்சான் திரும்பி வருவதற்குள் வேர் கீழே போயிருக்கும். முதல் வருட வெயிலுக்கு மட்டும் அடியில் சருகு மூடி, கிழமைக்கு இரண்டு தடவை தண்ணீர் விட்டால் போதும்.

"பூ சோறு போடுமா? மாவும் முருங்கையும் வைக்கலாமே" என்றும் சிலர் கேட்பார்கள். வையுங்கள். அதற்கும் இதே மழைக் கணக்குத்தான். ஆனால் பூமரத்தையும் விட்டுவிட வேண்டாம். மனிதனோ மிருகமோ பறவையோ உண்கிற மரத்தை நட்டவருக்கு அது தர்மமாக எழுதப்படும் என்ற நபிமொழியை நாம் ஒவ்வொரு நடுகை விழாவிலும் சொல்கிறோம். இலுப்பைப் பூவை வௌவால் உண்கிறது. முள்முருக்கம் பூவில் மைனா தேன் குடிக்கிறது. புங்கையில் தேனீ கூடுகிறது. ஆனால் பறவை வந்து உண்ண வேண்டும் என்றால் முதலில் அந்தக் கன்று உயிரோடு இருக்க வேண்டும். காய்ந்த குச்சியில் எந்தப் பறவைக்கும் ஒன்றும் இல்லை.

இடம் இல்லை என்றும் சொல்ல முடியாது. பாடசாலை வளவு, பள்ளிவாசல் முற்றம், மையவாடியின் ஓரம், குளக்கட்டு என்று ஒவ்வொரு ஊரிலும் பொது நிலம் இருக்கிறது. உலர்வலய ஊருக்குக் கொன்றை, இலுப்பை, வேம்பு, புங்கை. ஈரவலய ஊருக்கு நாகமரம், பூமருது. அங்கே ஜூன் மாதமே நடலாம். உயரமான மலைநாட்டுக்கு ஜகரண்டா.

கடைசியாக, கல்வி அதிகாரிகளிடம் ஒரு வேண்டுகோள். சுற்றாடல் தின அறிக்கைப் படிவத்தில் "நடப்பட்ட கன்றுகளின் எண்ணிக்கை" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் சேருங்கள்: "கடந்த வருடம் நடப்பட்டவற்றில் இன்று உயிரோடு இருப்பவை". ஒரு சதமும் செலவில்லாத மாற்றம். அந்தக் கட்டம் வந்த அடுத்த வருடமே எந்த ஊரில் எந்த மாதம் நட வேண்டும் என்று எல்லோரும் தேடத் தொடங்குவார்கள், இன்ஷா அல்லாஹ்.

வாசிக்கிற நீங்கள் ஒரு உதவி செய்யுங்கள். இன்று வெளியே போகும்போது உங்கள் ஊரில் பூத்து நிற்கிற ஒரு மரத்தைப் பாருங்கள். ஊரின் பெயர், மாதம், மரத்துக்கு உங்கள் பக்கத்தில் வழங்குகிற பெயர், இந்த மூன்றையும் கீழே எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் படத்தைப் போடுங்கள், தெரிந்தவர்கள் சொல்வார்கள். ஒரு வருடம் இப்படிச் சேர்ந்தால், எங்கெங்கோ நியமனம் கிடைத்துப் போகிற நம் பிள்ளைகளுக்குக் கையில் கொடுத்தனுப்ப ஒரு பூக்கலண்டர் நம்மிடம் இருக்கும்.